இந்திய நாடாளுமன்றம் எப்படி இயங்குகிறது, அதிகாரம் யாரிடம் இருக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாடாளுமன்றம் என்பது மக்களவையும் மாநிலங்களவையும்தானே?

குடியரசுத் தலைவரும் அதில் அடக்கம். அரசமைப்புச் சட்டத்தின் 79வது பிரிவு மூவரையும் சேர்த்துத்தான் நாடாளுமன்றம் என்கிறது. அவர் கையெழுத்து விழாமல் எந்த மசோதாவும் சட்டமாகாது.

மக்களவையில் 543 இடங்கள். தமிழ்நாட்டுக்கு 39, புதுச்சேரிக்கு 1. மாநிலங்களவையில் 245 இடங்கள். அவற்றில் 233 பேரை மாநிலங்களிலும் சில யூனியன் பிரதேசங்களிலும் உள்ள எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், 12 பேர் நியமன உறுப்பினர்கள். தமிழ்நாட்டின் பங்கு 18. மாநிலங்களவையைக் கலைக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் ஆறு ஆண்டு பதவிக்காலம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள்.

அரசு வேறு, நாடாளுமன்றம் வேறா?

பாதி வேறு, பாதி ஒன்று. அமைச்சர்கள் ஏதேனும் ஓர் அவையின் உறுப்பினராக இருந்தாக வேண்டும். உறுப்பினராக இல்லாமல் அமைச்சரானால் ஆறு மாதத்துக்குள் ஓர் அவைக்குள் வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பதவி போகும். 2003இல் வந்த 91வது திருத்தம் அமைச்சர்களின் எண்ணிக்கையை மக்களவையின் மொத்த இடங்களில் 15 சதவீதத்துக்குள் கட்டிவைத்தது. கணக்குப் போட்டால் 81 பேர்.

அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு. மக்களவை நம்பிக்கை இழந்தால் அரசு விழும். மாநிலங்களவைக்கு அந்த அதிகாரம் இல்லை.

இது ஏட்டில் உள்ளது. நடைமுறையில் கவனிக்க வேண்டியது அவையின் நேரம் யார் கையில் இருக்கிறது என்பது. கூட்டத்தொடரை எப்போது தொடங்குவது, எத்தனை நாள் நடத்துவது என்பதை முடிவுசெய்வது அமைச்சரவை, குடியரசுத் தலைவர் பெயரில் அழைப்பு போகும். இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்பது மட்டுமே அரசமைப்பு போட்ட வேலி. குறைந்தபட்சம் இத்தனை நாள் கூட வேண்டும் என்று எங்கும் இல்லை. 2019 முதல் 2024 வரை இருந்த 17வது மக்களவை ஐந்து ஆண்டும் சேர்த்துக் கூடியது 274 நாள்தான். தன்னைக் கேள்வி கேட்கும் அவை எப்போது கூட வேண்டும் என்பதை அரசே தீர்மானிக்கிறது. கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

நம்பிக்கையில்லாத் தீர்மானம் எப்படி வருகிறது? அரசு அதனால் கவிழ்ந்திருக்கிறதா?

மக்களவை உறுப்பினர் ஒருவர் காலை 10 மணிக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் தர வேண்டும். அவையில் 50 பேராவது எழுந்து நின்று ஆதரித்தால் சபாநாயகர் அனுமதி தந்து, பத்து நாளுக்குள் விவாதத்துக்கு நாள் குறிப்பார். காரணம் எதையும் தீர்மானத்தில் எழுத வேண்டியதில்லை.

முதல் தீர்மானம் 1963 ஆகஸ்டில் நேரு அரசுக்கு எதிராக ஆச்சார்ய கிருபளானி கொண்டுவந்தது. அது தோற்றது. அதற்குப் பின் வந்தவற்றில் ஒன்றுகூட வாக்கெடுப்பில் வென்று ஓர் அரசை வீழ்த்தியதில்லை. 1979இல் மொரார்ஜி தேசாய் வாக்கெடுப்புக்கு முன்பே விலகிக்கொண்டார். அரசுகள் விழுந்தது தாங்களே கொண்டுவந்த நம்பிக்கைத் தீர்மானத்தில். 1990 நவம்பரில் வி.பி.சிங், 1997 ஏப்ரலில் தேவகவுடா, 1999 ஏப்ரல் 17இல் வாஜ்பாய். அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதால் வந்த அந்த 1999 வாக்கெடுப்பில் கணக்கு 269க்கு 270. ஒடிசா முதலமைச்சராகிவிட்ட பிறகும் எம்.பி. பதவியை விடாமல் வைத்திருந்த கிரிதர் கமாங் போட்ட வாக்கு பற்றி இன்றும் பேசுகிறார்கள்.

தோற்கும் என்று தெரிந்தும் எதிர்க்கட்சி ஏன் கொண்டுவருகிறது? விவாதத்துக்குப் பிரதமர் பதில் சொல்லியே ஆக வேண்டும். 2023 ஆகஸ்டில் மணிப்பூர் வன்முறை பற்றிப் பிரதமரை அவையில் பேசவைக்க எதிர்க்கட்சிகள் கையில் எடுத்தது இந்தக் கருவியைத்தான்.

ஒரு மசோதா சட்டமாக என்னென்ன படிகள்?

துறை அமைச்சகம் வரைவு எழுதும், சட்ட அமைச்சகம் சரிபார்க்கும், அமைச்சரவை ஒப்புதல் தரும். மக்கள் கருத்துக்கு முன்கூட்டியே வெளியிட வேண்டும் என்ற அரசுக் கொள்கை உண்டு, ஆனால் கட்டாயச் சட்டம் இல்லை.

பிறகு அறிமுகம். மசோதாவின் நகல் இரண்டு நாள் முன்னதாக உறுப்பினர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று மக்களவையில் சபாநாயகரின் வழிகாட்டுதல் இருக்கிறது. இதைத் தளர்த்தும் அதிகாரமும் அவருக்கே உண்டு. காலையில் கையில் கிடைத்த மசோதா மாலையில் அறிமுகமாவதற்கு வழி இதுதான். அறிமுகக் கட்டத்தில் எதிர்ப்பு தெரிவிக்கலாம், வாக்கெடுப்பும் கேட்கலாம். தோற்பது அரிது.

இரண்டாம் கட்டம் பொது விவாதம். இங்கேதான் மசோதாவைக் குழுவுக்கு அனுப்பலாமா என்ற கேள்வி வரும். அது முடிந்தால் பிரிவு வாரியாக வாக்கெடுப்பு. ஒவ்வொரு பிரிவுக்கும் உறுப்பினர்கள் திருத்தம் கொடுக்கலாம். தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு இந்தக் கட்டம் வெறும் எண்களை வாசிப்பதுபோல் இருக்கும். சட்டத்தின் ஒவ்வொரு சொல்லும் உறுதியாவது அங்கேதான். மூன்றாம் கட்டத்தில் மசோதா மொத்தமாக நிறைவேறும். அடுத்த அவையில் அறிமுகத்தைத் தவிர மற்ற கட்டங்கள் திரும்ப நடக்கும். பிறகு குடியரசுத் தலைவர் ஒப்புதல், அரசிதழில் வெளியீடு.

மக்களவை கலைந்தால் அதில் நிலுவையில் உள்ள மசோதாக்கள் காலாவதியாகும். மாநிலங்களவை நிறைவேற்றி மக்களவையில் காத்திருப்பவையும் சேர்ந்து போகும். மாநிலங்களவையில் மட்டும் இருப்பவை தப்பும். மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவை 2008இல் மாநிலங்களவையில் அறிமுகம் செய்தது இதற்காகத்தான். 2010 மார்ச் 9இல் அங்கே நிறைவேறி மக்களவைக்குப் போனது. போன இடத்தில் எடுத்துக்கொள்ளப்படாமல், 2014இல் 15வது மக்களவையோடு அதுவும் முடிந்தது. 2023இல் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

குரல் வாக்கெடுப்பு என்றால் என்ன? யார் எப்படி வாக்களித்தார்கள் என்று பதிவாகாதா?

குரல் வாக்கெடுப்பில் பதிவாகாது. 'ஆம்' என்பவர்களையும் 'இல்லை' என்பவர்களையும் அவைத் தலைவர் காதால் கேட்டு முடிவைச் சொல்வார். பெரும்பாலான மசோதாக்கள் இப்படித்தான் நிறைவேறுகின்றன. அதனால், உங்கள் தொகுதி எம்.பி. ஒரு சட்டத்தை ஆதரித்தாரா எதிர்த்தாரா என்பதற்குப் பல சமயம் ஆவணமே இருக்காது.

ஓர் உறுப்பினர் எழுந்து அந்த முடிவை எதிர்த்து எண்ணிக்கை கேட்டால் 'டிவிஷன்' நடக்கும். அவையைச் சுற்றியுள்ள முன்கூடங்களைக் காலி செய்யச் சொல்வார்கள். மணி மூன்றரை நிமிடம் ஒலிக்கும். நூலகத்திலும் கேன்டீனிலும் இருப்பவர்கள் ஓடி வந்து சேர அதுதான் நேரம். பிறகு கதவை அடைத்துவிடுவார்கள். கேள்வி இரண்டாம் முறை வாசிக்கப்படும். பச்சைப் பொத்தான் ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் நடுநிலை.

இயந்திரம் இருந்தும் தவறுகள் நிறைய. பொத்தான் சரியாகப் பதியாதவர்கள், மாற்றி அழுத்தியவர்கள் சீட்டு எழுதித் திருத்துவார்கள். 2024 டிசம்பர் 17இல் 'ஒரே நாடு ஒரே தேர்தல்' மசோதா அறிமுகத்தின்போது மின்னணுப் பலகை முதலில் காட்டியது 220க்கு 149. சீட்டுகளையும் சேர்த்து எண்ணியபோது 269க்கு 198 ஆனது.

அன்றைய கணக்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அறிமுகத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும், வந்தது. ஆனால் அது அரசமைப்புத் திருத்த மசோதா. அது நிறைவேற, அவைக்கு வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அன்று வாக்களித்த 467 பேருக்கு அது 312. அரசிடம் இருந்தது 269.

டிவிஷன் கேட்பது உறுப்பினரின் உரிமை என்றாலும் அவரவர் இருக்கையில் இருந்து கேட்க வேண்டும் என்பது அவைத் தலைவர்கள் பிடிக்கும் விதி. 2020 செப்டம்பர் 20இல் மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. டிவிஷன் கேட்டோம் என்றன எதிர்க்கட்சிகள். இருக்கையில் இருந்து கேட்கவில்லை என்பது துணைத் தலைவர் தரப்பு. மறுநாள் எட்டு பேர் இடைநீக்கம். ஆளும் கூட்டணிக்கு அன்று மாநிலங்களவையில் எத்தனை வாக்கு இருந்தது என்பது பதிவில் இல்லாமலே போனது.

நிலைக்குழு என்ன செய்கிறது? அதன் பேச்சை அரசு கேட்க வேண்டுமா?

துறை சார்ந்த நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10, ஆக 31 பேர். அமைச்சர்களுக்கு இடமில்லை. 1993இல் 17 குழுக்களோடு தொடங்கி 2004இல் 24 ஆயின. கூட்டங்கள் மூடிய அறையில் நடக்கும், தொலைக்காட்சி இருக்காது. கேமரா இல்லாத இடத்தில் எம்.பி.க்கள் கட்சி எல்லையைத் தாண்டிப் பேசுகிறார்கள் என்பது இந்தக் குழுக்களில் இருந்த பலரும் சொல்வது. துறைச் செயலாளரை உட்காரவைத்து மணிக்கணக்கில் கேள்வி கேட்க முடிகிற இடமும் இதுதான்.

பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. இன்னும் பெரிய ஓட்டை, மசோதாவைக் குழுவுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்ற விதி இல்லாதது. 15வது மக்களவைக் காலத்தில் பத்துக்கு ஏழு மசோதாக்கள் குழுவுக்குப் போயின. 17வது மக்களவையில் ஆறில் ஒன்றுதான் போனது.

சில மசோதாக்களுக்கென்று தனியாகக் கூட்டுக் குழு அமைப்பார்கள். 2024 ஆகஸ்ட் 8இல் அறிமுகமான வக்பு திருத்த மசோதா அப்படிப் போனது. பொதுமக்களிடமிருந்து வந்த மனுக்கள் 97 லட்சத்துக்கும் மேல் என்று அரசு சொன்னது. குழுவில் ஆளும் கூட்டணியினர் கொடுத்த 14 திருத்தங்கள் ஏற்கப்பட்டன, எதிர்க்கட்சியினரின் 44 திருத்தங்களும் தோற்றன. குழுவில் இடம் கட்சி பலத்துக்கு ஏற்பத்தான் தரப்படுகிறது. வாக்கெடுப்பு என்று வந்துவிட்டால் அவையின் கணக்கே அங்கும் நடக்கும். குழுவின் பலம் எண்ணிக்கையில் இல்லை, அங்கே பதிவாகும் சாட்சியங்களிலும் மாற்றுக் கருத்துக் குறிப்புகளிலும் இருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போகும்போது வழக்கறிஞர்கள் முதலில் புரட்டுவது அவற்றைத்தான்.

மாநிலங்களவையால் மக்களவையைத் தடுக்க முடியுமா?

மசோதாவைப் பொறுத்தது.

சாதாரண மசோதா என்றால் இரு அவைகளும் ஏற்க வேண்டும். முட்டிக்கொண்டால், அல்லது ஓர் அவை ஆறு மாதம் கிடப்பில் போட்டால், கூட்டு அமர்வு கூட்டலாம். இதுவரை மூன்றே முறை நடந்திருக்கிறது: 1961இல் வரதட்சணைத் தடை, 1978இல் வங்கிப் பணி ஆணைய ரத்து, 2002இல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா. கூட்டு அமர்வில் மக்களவையின் எண்ணிக்கையே ஓங்கும்.

பண மசோதா, அதாவது வரி, அரசின் கடன், செலவு போன்றவை பற்றி மட்டுமே பேசும் மசோதா என்றால் மாநிலங்களவைக்கு 14 நாள் கெடு, அதற்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அது சொல்லும் திருத்தங்களை மக்களவை ஒதுக்கிவிடலாம். எது பண மசோதா என்பதைச் சான்றளிப்பவர் சபாநாயகர். மாநிலங்களவையில் பெரும்பான்மை இல்லாத அரசுக்கு இது கண்ணைப் பறிக்கும் குறுக்கு வழி. 2016 ஆதார் மசோதா பண மசோதாவாக வந்தது. மாநிலங்களவை ஐந்து திருத்தங்களோடு திருப்பியது, மார்ச் 16ஆம் தேதி அன்றே மக்களவை அவற்றை நிராகரித்தது. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் 4க்கு 1 என்று ஆதார் சட்டத்தை ஏற்றது. மாறுபட்ட நீதிபதி சந்திரசூட் அதைப் பண மசோதாவாகக் கொண்டுவந்தது அரசமைப்பையே ஏமாற்றுவது என்று எழுதினார். அடுத்த ஆண்டே இன்னொரு அமர்வு, எது பண மசோதா என்ற கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது.

அரசமைப்புத் திருத்தம் என்றால் கூட்டு அமர்வு கிடையாது. ஒவ்வோர் அவையும் தனித்தனியாக, மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் ஆதரிக்க வேண்டும். மாநிலங்களவையின் உண்மையான பூட்டு இங்கேதான் இருக்கிறது. கூட்டாட்சியைத் தொடும் திருத்தமானால் பாதி மாநிலச் சட்டமன்றங்களும் ஏற்க வேண்டும்.

வெளிநடப்பு செய்தால் அரசுக்கு நஷ்டமா லாபமா?

பெரும்பாலும் லாபம். 2016 ஆகஸ்ட் 3இல் ஜி.எஸ்.டி. அரசமைப்புத் திருத்தத்தை எதிர்த்த அ.தி.மு.க. மாநிலங்களவையிலிருந்து வெளியேறியது. திருத்தம் 203க்கு 0 என்று நிறைவேறியது. 'வந்து வாக்களித்தவர்கள்' என்ற கணக்கில் வெளியே போனவர் சேரமாட்டார், அதனால் தேவைப்படும் எண்ணிக்கையும் குறைகிறது. எதிர்த்து வாக்களித்திருந்தால் குறைந்தது பதிவேட்டில் இருந்திருக்கும்.

மொத்த உறுப்பினர் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடும்போது கதை தலைகீழ். 1993இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ராமசாமியைப் பதவி நீக்கும் தீர்மானத்துக்கு மக்களவையில் 196 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. காங்கிரஸும் அதன் கூட்டாளிகளுமாக 205 பேர் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மொத்த உறுப்பினர்களில் பாதியை எட்டாததால் தீர்மானம் தோற்றது.

பட்ஜெட்டில் எம்.பி.க்கள் ஒரு ரூபாயையாவது மாற்ற முடியுமா?

சட்டப்படி குறைக்கலாம், கூட்ட முடியாது. பிப்ரவரி 1 அன்று பட்ஜெட் வந்ததும் சில நாள் பொது விவாதம். பிறகு அவைக்கு இடைவேளை. அந்த நாட்களில் நிலைக்குழுக்கள் ஒவ்வோர் அமைச்சகமும் தன் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கையைப் பார்க்கும். அவை திரும்பக் கூடியதும் மானியக் கோரிக்கைகள் மக்களவையில் மட்டும் வாக்கெடுப்புக்கு வரும், மாநிலங்களவைக்கு அந்த வாக்கு இல்லை.

வெட்டுத் தீர்மானம் மூன்று வகை. கொள்கையையே எதிர்த்தால் கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்வது. சிக்கனம் கோரினால் குறிப்பிட்ட தொகையைக் குறைப்பது. ஒரு குறையைச் சுட்டிக்காட்ட 100 ரூபாய் குறைப்பது. எது வென்றாலும் அரசு அவையின் நம்பிக்கையை இழந்தது என்றே பொருள்படும். அதனால் ஆளும் கட்சியினர் ஒருவரும் ஆதரிக்கமாட்டார்கள்.

நேரம் போதாமல், குறித்த நாளில் குறித்த மணிக்கு, விவாதிக்காத கோரிக்கைகள் அனைத்தையும் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடுவார்கள். 'கில்லட்டின்' என்பது இதன் பெயர். 2018இலும் 2023இலும் எல்லாக் கோரிக்கைகளும் விவாதமே இல்லாமல் இப்படி நிறைவேறின. 2023 மார்ச் 23இல் அமளிக்கிடையே மக்களவை தாண்டிவந்த பட்ஜெட்டின் அளவு ஏறக்குறைய 45 லட்சம் கோடி ரூபாய். கடன் வட்டி, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சம்பளம், தலைமைக் கணக்குத் தணிக்கையர் சம்பளம் போன்றவற்றுக்கு எப்போதுமே வாக்கெடுப்பு இல்லை. வட்டி மட்டும் மொத்தச் செலவில் கால்வாசியை ஒட்டி வரும்.

செலவான பிறகு கணக்குக் கேட்பது பொதுக் கணக்குக் குழு. மக்களவையிலிருந்து 15, மாநிலங்களவையிலிருந்து 7 பேர். 1967 முதல் அதன் தலைவர் பதவி எதிர்க்கட்சிக்குத் தரப்படுகிறது. தணிக்கையர் அறிக்கை அவையில் வைக்கப்பட்ட பிறகே அதன் வேலை தொடங்கும். அறிக்கை தாமதமானால் குழுவும் காத்திருக்க வேண்டியதுதான்.

கேள்வி நேரத்தில் கேட்கும் கேள்விகள் எப்படித் தேர்வாகின்றன?

குலுக்கல். உறுப்பினர்கள் குறைந்தது 15 நாள் முன்பு நோட்டீஸ் தருவார்கள். மக்களவையில் நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 சாதாரணக் கேள்விகள். மாநிலங்களவையில் 15, 160. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்வார், துணைக் கேள்விகளும் கேட்கலாம். மற்றவற்றுக்கு எழுத்துப் பதில். மக்களவையில் காலை 11 மணி, மாநிலங்களவையில் மதியம் 12 மணி.

ஒரு மணி நேரத்தில் 20 கேள்வியும் முடிவதில்லை. ஐந்தாறு முடிந்தால் நல்ல நாள். மீதி எழுத்துப் பதிலாகிவிடும். செய்தியாளர்களும் ஆய்வாளர்களும் தோண்டுவது பெரும்பாலும் அந்தச் சாதாரணக் கேள்விகளின் பதில்களைத்தான். மாவட்ட வாரியான காலிப்பணியிடங்கள், திட்டச் செலவு எல்லாம் அங்கேதான் கிடைக்கும். "தகவல் திரட்டப்பட்டு வருகிறது" என்று பதில் வந்தால் அது அரசு தந்த உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும், அதைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு என்று தனியாக ஒன்று உண்டு.

உறுப்பினர்கள் அவசர விஷயங்களை எழுப்பும் பூஜ்ய நேரம் விதிப்புத்தகத்தில் இல்லாத வழக்கம். அங்கே எழுப்பும் விஷயத்துக்கு அமைச்சர் உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை.

கொறடா உத்தரவை மீறினால் பதவி போகுமா?

போகலாம். 1985இல் வந்த 52வது திருத்தம் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. கட்சி உத்தரவுக்கு மாறாக வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் இருந்தாலோ தகுதிநீக்கம். கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டால் தப்பலாம். முன்பு கட்சியில் மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் விதிவிலக்கு இருந்தது, 2003இல் அதை நீக்கிவிட்டார்கள். இப்போது மூன்றில் இரண்டு பங்கினர் வேறு கட்சியோடு இணைந்தால்தான் பாதுகாப்பு.

ஆளைப் பிடித்து அரசைக் கவிழ்ப்பதைத் தடுக்க வந்த சட்டம் இது. ஆனால் நம்பிக்கை வாக்கெடுப்பு, பட்ஜெட் என்று வரம்பு கட்டாமல் எல்லா மசோதாவுக்கும் பொருந்தும்படி எழுதிவிட்டார்கள். விளைவாக, தன் தொகுதியைப் பாதிக்கும் மசோதாவில்கூட ஓர் எம்.பி. கட்சியை மீற முடியாது. குடியரசுத் தலைவர் தேர்தலுக்குக் கொறடா உத்தரவு கிடையாது, அது ரகசிய வாக்கு.

தகுதிநீக்கத்தை முடிவுசெய்பவர் சபாநாயகர். காலக்கெடு சட்டத்தில் இல்லை. 2020இல் உச்ச நீதிமன்றம், அசாதாரணக் காரணம் இல்லையென்றால் மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றது.

சபாநாயகர் நடுநிலையானவர்தானா?

பதவி அப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. வாக்குகள் சமமானால் மட்டுமே அவர் வாக்களிப்பார். ஆனால் அவர் கட்சியிலிருந்து விலக வேண்டியதில்லை, அடுத்த தேர்தலுக்கு அந்தக் கட்சியின் டிக்கெட்டும் வேண்டும். துணை சபாநாயகர் பதவியை எதிர்க்கட்சிக்குத் தருவது பழைய மரபு. அ.தி.மு.க.வின் தம்பிதுரை 2014 முதல் 2019 வரை அதில் இருந்தார். அடுத்து வந்த 17வது மக்களவை முழு ஐந்தாண்டும் துணை சபாநாயகர் இல்லாமலே முடிந்தது. 'இயன்ற விரைவில்' தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 93வது பிரிவு சொல்கிறது, நாள் குறிக்கவில்லை.

அவையை நடத்தவிடாமல் செய்பவர்களை இடைநீக்கம் செய்யலாம். 2023 டிசம்பரில் இரு அவைகளிலுமாக 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நிறைவேறியது அந்த வாரத்தில்தான்.

சாதாரண எம்.பி. சட்டம் கொண்டுவர முடியாதா?

முடியும். வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி நேரம் அதற்கென்றே ஒதுக்கப்படுகிறது. இதுவரை சட்டமானவை 14, கடைசியாக ஆனது 1970இல். தி.மு.க.வின் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் தேங்கிவிட்டது. அரசு தன் பெயரில் வேறொரு மசோதா எழுதி 2019இல் சட்டமாக்கியது. தனிநபர் மசோதாவின் பயன் பெரும்பாலும் இவ்வளவுதான், அரசைத் தள்ளிவிடுவது.

அவசரச் சட்டம் எவ்வளவு காலம் நிற்கும்?

அவை கூடாத நாட்களில் அமைச்சரவை ஆலோசனைப்படி குடியரசுத் தலைவர் பிறப்பிப்பது. அவை கூடிய ஆறு வாரத்தில் காலாவதியாகும், அதற்குள் மசோதாவாக நிறைவேற வேண்டும். அதிகபட்ச ஆயுள் ஏழரை மாதம். காலாவதியானதைத் திரும்பத் திரும்பப் பிறப்பிப்பது அரசமைப்பை மோசடி செய்வது என்று பீகார் தொடர்பான வழக்குகளில் 1986இலும் 2017இலும் உச்ச நீதிமன்றம் கண்டித்தது.

குடியரசுத் தலைவர் மசோதாவை மறுக்கலாமா?

ஒருமுறை திருப்பி அனுப்பலாம், பண மசோதாவைத் தவிர. நாடாளுமன்றம் மறுபடி நிறைவேற்றினால் கையெழுத்திட வேண்டும். அப்துல் கலாம் 2006 மே மாதம் ஆதாயப் பதவி மசோதாவைத் திருப்பினார். மாற்றம் இல்லாமல் மறுபடி வந்தது, ஆகஸ்டில் கையெழுத்திட்டார். ஆனால் முதல்முறை எத்தனை நாளில் முடிவெடுக்க வேண்டும் என்று 111வது பிரிவில் இல்லை. 1986இல் கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தந்த தபால் மசோதாவை ஜெயில் சிங் கையெழுத்தும் போடாமல் திருப்பியும் அனுப்பாமல் மேசையிலேயே வைத்துக்கொண்டார். அது சட்டமாகவே இல்லை.

சட்டம் நிறைவேறியும் ஏன் நடைமுறைக்கு வருவதில்லை?

நாடாளுமன்றம் எழுதுவது எலும்புக்கூடு, சதை விதிகள். படிவம், கட்டணம், கெடு, யார் அதிகாரி என்பதெல்லாம் அமைச்சகம் எழுதும் விதிகளில் வரும். குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019 டிசம்பரில் நிறைவேறியது, விதிகள் 2024 மார்ச் 11இல்தான் வந்தன. சட்டம் எந்த நாளில் அமலுக்கு வரும் என்பதையும் பெரும்பாலும் அரசிடமே விட்டுவிடுவார்கள். விதிகளை இரு அவைகளிலும் 30 நாள் வைக்க வேண்டும், உறுப்பினர்கள் மாற்றலாம் அல்லது ரத்து செய்யலாம். அந்த உரிமையை அவை பயன்படுத்துவது மிக அரிது. நாடாளுமன்றம் தன் அதிகாரத்தில் பெரிய பங்கை அதிகம் சத்தமில்லாமல் விட்டுக்கொடுப்பது இங்கேதான் என்பது எங்கள் கருத்து.

மத்திய சட்டமும் மாநிலச் சட்டமும் மோதினால்?

மத்திய அரசும் மாநிலமும் இரண்டுமே சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் உள்ள விஷயமானால் மத்தியச் சட்டமே நிற்கும். மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்திருந்தால் அந்த மாநிலத்துக்குள் அது நிற்கும். ஜல்லிக்கட்டு இப்படித்தான் தப்பியது. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். 2017 ஜனவரியில் தமிழ்நாடு அதற்குத் திருத்தம் இயற்றி, ஒப்புதல் பெற்றது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. கல்வியும் காடும் 1976இல் 42வது திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போனவை. கல்வி முன்பு இருந்தபடியே மாநிலப் பட்டியலில் இருந்திருந்தால் நீட் விவாதத்தின் தொடக்கப் புள்ளியே வேறாக இருந்திருக்கும்.

நீதிமன்றம் நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்துமா?

அவைக்குள் நடைமுறை தவறியது என்பதற்காகக் கேள்வி கேட்க முடியாது, 122வது பிரிவு தடுக்கிறது. இயற்றிய சட்டத்தைக் கேட்கலாம். 1973 ஏப்ரல் 24இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் 7க்கு 6 என்று, அரசமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பை உடைக்கக் கூடாது என்றார்கள். நீதிபதி நியமன ஆணையத்துக்கான 99வது திருத்தம் 2015இல் விழுந்தது அந்த அளவுகோலில்தான். தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டம் 1994இல் 76வது திருத்தத்தால் ஒன்பதாவது அட்டவணைக்குள் போனது. அந்த அட்டவணை நீதிமன்றத்தின் கேள்விக்கு எதிரான முழுக் கவசம் என்று நம்பியிருந்த காலம் அது. 1973 ஏப்ரல் 24க்குப் பின் சேர்த்தவற்றையும் பரிசீலிக்கலாம் என்று 2007இல் ஒன்பது நீதிபதிகள் சொன்ன பிறகு அந்தக் கவசம் அரைக் கவசம்.

அவையில் தமிழில் பேசலாமா?

பேசலாம். முன்கூட்டியே தெரிவித்துவிட்டால் மொழிபெயர்ப்பாளர் தயாராக இருப்பார். தெரிவிக்காமல் தொடங்கினால் மற்றவர் காதில் ஒன்றும் விழாது, அமைச்சரின் பதிலும் பொதுப்படையாகப் போய்விடும்.

எம்.பி. அல்லாத ஒருவர் என்ன செய்ய முடியும்?

நிலைக்குழுவோ கூட்டுக் குழுவோ ஒரு மசோதாவை எடுத்தால் நாளிதழ்களில் விளம்பரம் வரும், பெரும்பாலும் 15 நாள் கெடு. மொத்த மசோதாவையும் திட்டி எழுதுவதை விட, எந்தப் பிரிவு, அதில் எந்தச் சொல், அதற்குப் பதில் என்ன என்று மூன்று வரிகளில் எழுதியவைதான் அறிக்கைக்குள் போகும்.

இரண்டாவது வழி மனு. மக்களவையின் மனுக்கள் குழுவில் 15 பேர். மனு இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும், தமிழில் எழுதினால் கையெழுத்திட்ட மொழிபெயர்ப்பை இணைக்க வேண்டும். அவையை விளித்து எழுதி, முழுப் பெயர், முகவரி, கையெழுத்து இட வேண்டும். எம்.பி. ஒருவர் மூலம் அவையில் சமர்ப்பித்தால் அவருடைய மேலொப்பமும் வேண்டும். நீதிமன்றத்தில் நடக்கும் விவகாரத்தை மனுவாக அனுப்பினால் வாசலிலேயே திரும்பிவிடும்.

மூன்றாவது, உங்கள் எம்.பி.யிடம் ஒரு கேள்வியை எழுதிக் கொடுப்பது. சாதாரணக் கேள்வியாகக் கேட்டால் போதும். ஒரே அமைச்சகம், ஒரே திட்டம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, மாவட்ட வாரியாக என்று குறுக்கிக் கேளுங்கள். விரித்துக் கேட்டால் கேள்விப் பிரிவே தள்ளிவிடும், அல்லது "மாநில அரசின் பொறுப்பு" என்ற ஒரு வரிப் பதில் வரும்.